சலிக்காமல் சொன்ன தீர்ப்பு

கழிமுகத்தின் அடிச்சேறு செத்த மண், அதை வாரி எடுத்தால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒலக்கூர் வட்டாரத்தில் அந்தக் கட்டுரை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. "நியாயமாத்தானே சொல்றார்" என்று தலையாட்டியவர்களும் உண்டு. தெளிவான நடையில் எழுதப்படும் தவறுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது. பதில் எழுதாமல் விட்டால் அந்த மரியாதையே நாளை ஆதாரமாகக் காட்டப்படும்.

அவர் பெயரை இங்கே இழுக்க வேண்டியதில்லை. இந்த வாதம் அவர் ஒருவருடைய சொத்து இல்லை. முகத்துவாரத்தை ஆழப்படுத்த வேண்டும், துறைமுகம் கட்ட வேண்டும் என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இது முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருடைய கட்டுரையை வற்றக் காய்ச்சினால் மிஞ்சுவது இதுதான்: அடிச்சேற்றில் சொல்லிக்கொள்ளும்படி உயிரில்லை. நீர்ப் பரிசோதனை நன்றாக இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று பொருள். புழு பூச்சிகளுக்காக வளர்ச்சியை நிறுத்த முடியாது. வாரினாலும் ஓராண்டில் எல்லாம் திரும்ப வந்துவிடும். கடைசியாக, ஒலக்கூர் விவசாயிக்கும் மரக்காணத்துச் சேற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எந்தச் சேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று. அதன் நீர் எடையன்திட்டுக் கழி வழியாக, ஆலம்பரைக் கோட்டைக்கு அருகே கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தின் ஒரு கரையில் விழுப்புரம் மாவட்டத்து அழகன்குப்பம், மறு கரையில் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலம்பரைக்குப்பம். இரண்டு கரையிலும் மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் வழக்காகவும் போனது. முகத்துவாரத்தில் துறைமுகம் என்றால் தூர்வாருதல் உண்டு, கல் கொட்டுதல் உண்டு. நண்பர் 'செத்த மண்' என்று சான்றிதழ் கொடுத்திருப்பது இந்தத் தரைக்குத்தான்.

கறுப்பாக இருக்கிறது, நாறுகிறது, ஆகவே செத்தது

நண்பர் காட்டும் முதல் சான்று நிறமும் நாற்றமும். சேற்றைக் கிளறினால் கறுப்பாக வருகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, இதில் எது வாழும் என்று கேட்கிறார். எந்தக் கழியிலும் மெல்லிய சேற்றை ஒரு முழம் தோண்டினால் கறுப்பாகத்தான் வரும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் விடும் வாயு அது. அந்த நாற்றமே அங்கே உயிர் வேலை பார்ப்பதற்கு அடையாளம். பார்க்க வேண்டியது மேலடுக்கை. நல்ல கழியில் மேலே பழுப்பு நிறத்தில் ஓர் அடுக்கு இருக்கும். சேற்றுப்புழுவும் மட்டியும் சிறு நண்டும் வளை தோண்டி, நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜன் அந்த வளைகள் வழியே கறுப்புச் சேற்றுக்குள்ளும் இறங்கும். ஆறு கொண்டுவந்து கொட்டும் நைட்ரஜன் சத்தில் ஒரு பங்கு, இந்த வளைகளை ஒட்டிய பகுதியில்தான் வாயுவாக மாறிக் காற்றுக்குத் திரும்புகிறது. புழு போய்விட்டால் பழுப்பு அடுக்கு மெலியும், கறுப்பு மேலே ஏறும். நண்பருக்கு அருவருப்பாகத் தோன்றும் அந்தக் கறுப்பு ஏறாமல் தடுத்து வைத்திருப்பது அவர் ஏளனம் செய்யும் புழுதான்.

அடுத்து அவர் வீசுவது எண்ணிக்கை. கடலில் இருக்கும் இனங்களோடு ஒப்பிட்டால் கழியில் இருப்பவை சொற்பம், எனவே அது ஏற்கெனவே வறண்ட இடம் என்கிறார். இந்த இடத்தில் அவர் ஏதோ படித்திருக்கிறார் என்று தெரிகிறது. அரைகுறையாகப் படித்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. உவர்நீரில் இனங்கள் குறைவு என்பதை அடால்ஃப் ரெமானே என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் பால்டிக் கடலை வைத்து 1934-லேயே எழுதினார். ஆயிரத்துக்கு 5 முதல் 8 பங்கு உப்பு உள்ள நீரில் இனங்களின் எண்ணிக்கை மிகக் கீழே இறங்குகிறது. நன்னீர் விலங்குக்கு அது அதிக உப்பு, கடல் விலங்குக்குக் குறைந்த உப்பு. இரண்டையும் தாங்கக்கூடிய சில இனங்கள் மட்டும் தங்குகின்றன. தங்கியவை சும்மா இருப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. இனம் கொஞ்சம், உயிர் ஏராளம் என்பது கழிமுகத்தின் பிறவிக் குணம். நண்பர் முதல் பாதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

இந்தக் குணத்தால் ஆய்வாளர்களுக்கும் உண்மையான சிக்கல் உண்டு. மாசுபட்ட கடலடியும் இயல்பான கழிமுகத்து அடியும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் இனம் குறைவு, தாக்குப்பிடிக்கும் உயிர்கள் அதிகம். எலியட், கின்டினோ என்ற இருவர் 2007-ல் இதைக் கழிமுகத் தர முரண் என்றே பெயரிட்டு எழுதினார்கள். அதற்கு அவர்கள் துறை சொல்லும் வழி, கழியைக் கடலோடு ஒப்பிடாமல் அதே கழியின் பழைய நிலையோடும், அதே மாதிரியான கெடாத கழிகளோடும் ஒப்பிடு என்பது. நண்பர் எடையன்திட்டை எதோடு ஒப்பிட்டார்? கரையில் நின்று பார்த்தபோது மனதில் தோன்றியதோடு.

அடிச்சேற்று உயிரைக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. கவ்வி ஒன்றை இறக்கிக் குறிப்பிட்ட பரப்புச் சேற்றை அள்ள வேண்டும். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் அதைச் சலிக்க வேண்டும். தங்கியவற்றை இனம் பிரித்து எண்ண வேண்டும், எடை போட வேண்டும். ஒரு பொறியாளரின் கண்ணோடு பாருங்கள் என்று நமக்கு அறிவுரை சொல்லும் நண்பருக்கு ஒரு தகவல்: உலகெங்கும் பயன்படும் அந்தக் கவ்விக்கு வான் வீன் கவ்வி என்று பெயர். யோஹான் வான் வீன் உயிரியலாளர் அல்லர். நெதர்லாந்தின் கடல் தடுப்புத் திட்டத்துக்குத் தந்தை என்று மதிக்கப்படும் நீரியல் பொறியாளர். பொறியாளர் கருவியே செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் நண்பர் அதைத் தொடாமலே தீர்ப்பு எழுதுகிறார்.

ஒரு பாட்டில் தண்ணீர்

நீர்ப் பரிசோதனை அறிக்கை சரியாக இருக்கிறது, கார அமிலத் தன்மை சரி, கரைந்த ஆக்சிஜன் சரி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அடுத்த வாதம். கழிமுகத்து நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். காலையில் எடுத்த பாட்டிலில் இருப்பது கடல்நீர். மதியம் எடுத்தால் ஆற்றுநீர். அந்தப் பாட்டிலை வைத்துக் கழியின் நலத்தைச் சொல்வது, தெருவில் போகிற வெளியூர்க்காரனை நிறுத்தி அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் சுகமா என்று விசாரிப்பது போன்றது. ஆக்சிஜனும் நேரத்துக்கு நேரம் மாறும். வெயில் ஏறிய பிறகு மேல்மட்டத்தில் அளந்தால் பாசிகளின் புண்ணியத்தில் நல்ல எண் வரும். விடியும் முன் அடிமட்டத்தில் அளந்தால் வேறு எண் வரும். எந்த எண் அறிக்கையில் ஏறும் என்பது பெரும்பாலும் ஜீப் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதைப் பொறுத்தது.

சேற்றில் குடியிருக்கும் உயிர் ஓட முடியாது. இரவு குறைந்த ஆக்சிஜனும், கள்ளத்தனமாகத் திறந்துவிட்ட கழிவும், களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு படிந்த உலோகமும் எல்லாம் அதன் மேல்தான் இறங்கும். அதனால்தான் அதை வைத்து நீர்நிலையின் நலத்தைப் படிக்கும் முறை வளர்ந்தது. கழிவு கூடக் கூட எந்த உயிர் முதலில் போகும், எது கடைசிவரை நிற்கும் என்ற வரிசையைப் பியர்சனும் ரோசன்பெர்க்கும் 1978-ல் தொகுத்தார்கள். பெரிய உடலும் நீண்ட ஆயுளும் உள்ளவை முதலில் மறையும். கேப்பிடெல்லா என்ற நூல் போன்ற சிவப்புப் புழு கடைசியில் மொய்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த நீர்ச் சட்டகம் அடிவாழ் முதுகெலும்பிலிகளின் நிலையைக் கழிமுகத் தரத்தின் அளவுகோல்களில் ஒன்றாக ஆக்கியது. இது வெள்ளைக்காரர் வேலை என்று நண்பர் தள்ளிவிட முடியாது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஆற்றின் அடிவாழ் உயிர்களை வைத்துத் தரம் பிரிக்கும் முறை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. ஆறுகளுக்கு ஒப்புக்கொண்ட தத்துவம் கழிமுகத்துக்கு மட்டும் எப்படிக் கசக்கும்?

துறைமுகத்தோடு நேராகத் தொடர்புள்ள ஒரு பாடமும் இருக்கிறது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் சிப்பிகள் இனம் பெருக்க முடியாமல் போயின, ஓடுகள் கோணிப் பருத்தன. காரணம், படகுகளின் அடிப்பகுதியில் பாசி ஒட்டாமலிருக்கப் பூசிய, வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயம். நீரில் அது இருந்த அளவோ வழக்கமான பரிசோதனையின் கண்ணில் படாத அளவு. காட்டிக்கொடுத்தவை சிப்பிகள். 1982-ல் பிரான்ஸ் சிறு படகுகளில் அந்தச் சாயத்தைத் தடுத்தது. 2008-ல் உலக அளவிலான தடை நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான படகுகளைக் கழிக்குள் கொண்டுவரும் திட்டத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீரைச் சாட்சியாகக் கூப்பிடுகிறவர் இந்தக் கதையை ஒரு முறை படிக்கலாம்.

புழுவை யார் தின்கிறார்?

நண்பரின் கட்டுரையில் கைதட்டல் வாங்கிய வரி இதுதான். புழுவையும் பூச்சியையும் யார் தின்கிறார்கள், அவற்றுக்காக ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கிறார். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியது மரியாதை. கிழங்கான் தின்கிறது. ஊடான் தின்கிறது. திருக்கை தின்கிறது. கெளுத்தி தின்கிறது. மடவை அந்தச் சேற்றின் மேல்பரப்பை வழித்துத் தின்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும் அதன் குஞ்சு கழிக்குள் வந்து இந்தச் சேற்றின் சிற்றுயிர்களையும் மட்கையும் தின்றுதான் வளர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. கழிச் சேற்றில் வளை தோண்டி வளரும் பச்சை நண்டுக்கு மட்டியும் நத்தையும் சாப்பாடு. அந்த நண்டு கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று நண்பர் மரக்காணம் பக்கம் ஒரு நடை வந்து கேட்டால் யார் தின்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அதைவிட நேரான பதில் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. மரக்காணம் கடலோரத்தில் வரிசையாக இறால் குஞ்சு பொரிப்பகங்கள் நிற்கின்றன. வளர்ச்சி என்றதும் நண்பர் விரல் நீட்டிக் காட்டும் அதே தொழில். தாய் இறால் நன்றாக முட்டை வைக்க அதற்குக் கொடுக்கும் தீனிகளில் முதலிடம் சேற்றுப்புழுவுக்கு. தமிழகக் கடலோரக் கழிகளில் இடுப்பளவு நீரில் நின்று அந்தப் புழுவைத் தோண்டி விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகும் ஏற்றுமதி இறாலின் கணக்கில் அந்தப் புழுவும் எழுதப்பட்டிருக்கிறது. நண்பர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அரசாங்கமும் இதே கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்புள்ள கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. உள்ளான்களும் மூக்கான்களும் மத்திய ஆசிய வான்வழியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வந்து இறங்குவது நம் ஊர் அழகைப் பார்க்க இல்லை. நீண்ட அலகைச் சேற்றில் குத்தி எடுக்கும் புழுவுக்காகவும் சிறு மட்டிக்காகவும். பறவைக்குச் சரணாலயம் என்று பலகை நட்டுவிட்டு, அதோடு இணைந்த கழியின் தரையைச் செத்த மண் என்று பேசுவதில் உள்ள முரண்பாடு நண்பர் கண்ணில் படவில்லை. செத்த மண்ணுக்கு ராம்சர் முத்திரை கிடைக்காது.

வெள்ளம் செய்வதை எந்திரமும் செய்யட்டுமே

அவர் வாதங்களில் சற்று வலு உள்ளது இந்த ஒன்றுதான். அதனால் இதற்கு முழுப் பதில் தர வேண்டும். ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் வெள்ளம் வந்து கழியைக் கழுவுகிறது. உப்பு இறங்கி, சேற்று உயிர்களில் பாதிக்கு மேல் செத்தோ அடித்துச் செல்லப்பட்டோ போகின்றன. கோடைக்குள் திரும்ப வந்துவிடுகின்றன. அப்படியானால் தூர்வாரினாலும் வராதா என்கிறார்.

வெள்ளம் வந்து போவதும் உயிர் குறைந்து பெருகுவதும் உண்மை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி 1961-லிருந்து இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல தலைமுறை மாணவர்களைக் கொண்டு பதிவு செய்திருக்கும் சுழற்சி அது. மழைக்காலத்தில் தாழ்வு, தை தாண்டினால் ஏற்றம், கோடையில் உச்சம். ஆனால் வெள்ளம் உயிரை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டுப் போகிறது. போகிற போக்கில் புது வண்டலும் போட்டுவிட்டுப் போகிறது. சேற்றின் மணிப்பருமன் பெரிதாக மாறுவதில்லை. ஆழமில்லாத திட்டுகள் ஆழமில்லாத திட்டுகளாகவே நீடிக்கின்றன. தையில் ஏற்றத்தோடு வரும் குஞ்சுகளுக்கு இறங்க இடம் இருக்கிறது.

தூர்வாரும் எந்திரம் வீட்டையே எடுத்துக்கொண்டு போகிறது. முழங்கால் ஆழத் திட்டு சில மீட்டர் ஆழப் பள்ளமாகிறது. நீரோட்டம் மாறுகிறது. மணல் இருந்த இடத்தில் நுண்சேறு தேங்குகிறது, சேறு இருந்த இடத்தில் மணல் ஏறுகிறது. பள்ளத்தின் அடியில் வெளிச்சமும் ஆக்சிஜனும் குறைகின்றன. கலங்கிய சேறு பக்கத்துத் திட்டுகளின் மேல் படிந்து மட்டியின் வாயை அடைக்கிறது. இத்தனையும் ஒரு தடவையோடு முடிவதில்லை. நம் கடற்கரையில் மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. திறந்த வாய் மூடும், மறுபடி வார வேண்டும், மறுபடி மூடும். மீள்வதற்கு உயிர்களுக்குக் காலம் தேவை; பராமரிப்புத் தூர்வாருதல் அந்தக் காலத்தைத் தருவதே இல்லை. அந்தத் தரையில் நிலைத்துப் பெருகுவது பியர்சன் வரிசையின் கடைசியில் நிற்கும் குட்டை ஆயுள் புழுக்கள்தான். பச்சை நண்டு வராது. எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் திரும்பிவிட்டது என்று அறிக்கை எழுதலாம். எந்த இனம் என்று பார்த்தால் எழுத முடியாது.

ஆழப்படுத்திய வாய் உப்பையும் உள்ளே அழைக்கும். கழுவேலியின் ஒரு புறம் நன்னீர், கடல் பக்கம் உவர்நீர் என்று படிப்படியாக இறங்கும் ஏரி. அந்தப் படிகள் எந்தெந்த இடத்தில் எந்தெந்த உயிர் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஏரியோரக் கிணறுகளின் சுவையையும் அவையே தீர்மானிக்கின்றன. வெள்ளம் ஒருநாளும் உப்பை இப்படி உள்ளே அழைத்ததில்லை.

திரும்ப வந்துவிடும் என்ற நம்பிக்கை வரலாற்றில் எத்தனை தடவை பலித்தது என்று பார்க்கவும் நம் மாநிலம் போதும். 1937-ல் பணிக்கரும் ஐயரும் சென்னையின் உவர்நீர் விலங்குகளைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். அடையாற்றுக் கழியில் வாழ்ந்தவை அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. அடையாற்றின் இன்றைய அடிச்சேற்றை நான் விவரிக்க வேண்டியதில்லை; பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் விவரிப்பார்கள். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கசிந்து தரையை மூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் அதே கழியில் பரவியது. மேல்நீரில் மிதந்ததை அள்ளிவிட்டார்கள். சேற்றிலும் அலையாத்தி வேர்களிலும் படிந்ததை யார் அள்ளினார்கள்? அங்கே நண்டும் இறாலும் கையால் தடவிப் பிடித்த மீனவர்களிடம் 'ஓராண்டில் திரும்பிவிடும்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

மீனவர் பெயரில்

மீனவருக்குத் துறைமுகம் வேண்டாமா என்று நண்பர் குரலை உயர்த்துகிறார். வேண்டும். அலையில் படகைத் தள்ளி ஏற்றி, கவிழ்ந்து அடிபடும் வாழ்க்கை யாருக்கும் சுகமானதில்லை. பாதுகாப்பாகப் படகு கட்ட இடம் கேட்பது உரிமை. ஆனால் மீனவர் என்ற ஒரே சொல்லுக்குள் நண்பர் யாரை அடக்கினார், யாரை வெளியே விட்டார்? கழியில் இறங்கிக் கையால் இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர்களுக்குப் படகு கிடையாது. சிறு வலை வீசும் கழிமீனவருக்கு விசைப்படகு கிடையாது. அவர்களுடைய முதலே அந்த முழங்கால் ஆழச் சேறுதான். ஒருவருடைய படகு நிற்பதற்கு இன்னொருவருடைய முதலைத் தோண்டி எடுத்துவிட்டு அதற்கு மீனவர் நலன் என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது.

கட்டவேண்டியதையும் காக்கவேண்டியதையும் சேர்த்துச் செய்த பொறியாளர்கள் உலகில் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் கிழக்கு ஷெல்ட் கழியை முழுதாக அணை போட்டு அடைக்கத் திட்டமிட்டார்கள். 1953 வெள்ளத்தில் 1,800-க்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த நாடு. அடைப்பதற்கு நியாயம் இருந்தது. சிப்பி, மட்டி வளர்ப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். திட்டம் மாறியது. புயல் வரும்போது மட்டும் மூடும் மதகுகள் கொண்ட தடுப்பு 1986-ல் திறக்கப்பட்டது. மற்ற நாளெல்லாம் ஏற்றவற்றம் உள்ளே போய் வருகிறது. வளர்ச்சியா புழுவா என்று அந்த நாட்டுப் பொறியாளர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இரண்டுக்கும் கணக்குப் போட்டார்கள். கணக்குப் போடத் தெரியாதவர்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மை மிரட்டுவார்.

ஒலக்கூருக்கு என்ன வேலை

கடைசி வாதம் எங்கள் ஊரைத் தொடுகிறது. நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடும் ஒலக்கூர்க்காரனுக்குக் கடலோரச் சேற்றைப் பற்றி என்ன கவலை என்கிறார் நண்பர். நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்குப் போகும் வழியில் ஓங்கூர் ஆற்றுப் பாலத்தை அவரும் எத்தனையோ தடவை தாண்டியிருப்பார். ஆண்டில் பெரும்பகுதி அது மணலும் முள்ளுமாகக் கிடப்பதால் ஆறு என்றே அவருக்குத் தோன்றவில்லை போலும். மழை பிடித்துவிட்டால் அந்த ஆறு கிழக்கே ஓடி மரக்காணம், இடைக்கழிநாட்டுக் கழிப்பகுதியில்தான் கடலைத் தொடுகிறது. முதல் வெள்ளம் வருகிறபோது கோடை முழுக்க வயலிலும் தெருவிலும் சாக்கடையிலும் சேர்ந்ததெல்லாம் ஒரே வாரத்தில் அங்கே போய் இறங்கும்.

போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஷின்ஜி ஏரி சாட்சி. அதுவும் உவர்நீர் ஏரி, அதைச் சுற்றியும் நெல்வயல். அங்கே 1993-ல் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. நாம் புகையானுக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நீரின் மிதவை உயிரிகள் சரிந்தன, அடிச்சேற்றில் வாழ்ந்த பூச்சிப் புழுக்கள் மறைந்தன, அவற்றைத் தின்ற மீன்களும் குறைந்தன. வாகசாகி என்ற சிறு மீனின் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னுக்கு விழுந்ததையும் அதற்கு அந்த மருந்துகளே காரணமாகத் தெரிவதையும் 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்துக்கு, அதே கணுக்காலிக் குலத்தைச் சேர்ந்த இறாலும் நண்டும் தூரத்து உறவு என்று விட்டுவைக்கத் தெரியாது.

எனவே சம்பந்தம் இருக்கிறது. அது எங்களுக்குச் சங்கடமான சம்பந்தம். கழியின் தரையைக் காக்க வேண்டும் என்று பேசும்போது துறைமுகக்காரரை மட்டும் கை காட்டிவிட்டு ஒலக்கூர்க்காரன் நழுவ முடியாது. வயலில் தெளிக்கும் மருந்து, திண்டிவனம் நகரம் விடும் சாக்கடை, சிப்காட் தொழிற்பூங்காவின் ஆலைகள், ஆற்றில் அள்ளும் மணல் எல்லாம் அந்தச் சேற்றின் நலத்தில் எழுதப்படும். நண்பர் எங்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க ஆசைப்படுகிறார். அந்தச் சலுகை எங்களுக்கு வேண்டாம்.

நிரூபிக்க வேண்டியவர்

சேற்றில் உயிர் இருக்கிறது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும் என்பது நண்பர் எழுதாமல் எழுதியிருக்கும் நிபந்தனை. வாரப்போகிறவர் நிரூபிக்கட்டும். செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை, துறைமுகச் செலவோடு ஒப்பிட்டால் காசாகவும் தெரியாது. முகத்துவாரம், கழியின் நடுப்பகுதி, கழுவேலி வாய் என்று உப்பு இறங்கும் வரிசையில் இடங்களைக் குறிக்கட்டும். கை வைக்கப்போகாத இன்னொரு கழியையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்கட்டும். மழைக்கு முன், மழைக்குப் பின், கோடை என மூன்று பருவத்திலும் அள்ளட்டும். மழைக்காலத்தில் மட்டும் அள்ளிவிட்டு உயிரே இல்லை என்று எழுதும் தந்திரம் நமக்குத் தெரியும். சலித்து, இனம் பிரித்து, எண்ணி, எடை போட்டு, கூடவே சேற்றின் மணிப்பருமன், கரிமச் சத்து, உலோக அளவு எல்லாவற்றையும் தமிழில் அச்சிட்டு மரக்காணத்திலும் ஒலக்கூரிலும் படிக்கக் கொடுக்கட்டும். கழியில் இறங்குகிறவர்களையும் கூட வைத்துக்கொண்டு அள்ளட்டும். எந்தத் திட்டில் எந்த மாதம் மட்டி விளையும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்த பிறகு அதே இடங்களில் ஆண்டுதோறும் அள்ளட்டும். எண் சரிந்தால் தூர்வாருவதை நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதித் தரட்டும்.

இதைச் செய்யத் தேவையான படிப்பும் ஆட்களும் பரங்கிப்பேட்டையில், நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். அதையெல்லாம் செய்து முடித்து, எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தரையில் இழக்க ஒன்றுமில்லை என்று நண்பர் மறுபடி எழுதினால் அந்தக் கட்டுரையை ஒலக்கூர் மரியாதையாகப் படிக்கும். அதுவரை அவர் எழுதியிருப்பது ஒப்பந்தக்காரருக்கு வசதியான ஓர் அபிப்பிராயம் மட்டுமே. அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு ஒரு கழியின் தரையை ஏலம் விட அவருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.